வலப்பக்கம் போக வேண்டிய விமானம்

வானத்தில் என் அக்கா நான் சொல்வதைக் கேட்பாள். வீட்டில் கேட்க மாட்டாள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இதுதான் நிலவரம். மின்விசிறியின் வேகத்திலிருந்து நான் எந்தப் பெண்ணைக் கட்ட வேண்டும் என்பது வரை எல்லாவற்றிலும் அவள் வைத்ததுதான் சட்டம். ஆனால் அவள் விமானி. நான் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்பவன். அவளுடைய விமானம் தரையை விட்டு எழும்பியதும் என் கைக்கு வந்துவிடும். ஏறு என்றால் ஏற வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும், சொன்னதை மரியாதையாகத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். இந்தச் சுகத்துக்காகவே இந்த வேலைக்கு வந்தேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன். மற்றபடி வானொலியில் அக்கா தம்பி உறவெல்லாம் கிடையாது. விமானத்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

அக்கா அப்போது துணை விமானி. பிள்ளை பிறந்தபோது பறப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், அவளிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு திரிந்தவர்களெல்லாம் கேப்டனாகி ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருவழியாக அவள் முறை வந்தது. அடுத்த வாரம் கேப்டன் தேர்வு. தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், இவள் பொறுப்பேற்று ஓட்டிக் காட்ட வேண்டும். அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, அந்த ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். மாமா லிஃப்ட் மெக்கானிக். புருஷனும் பெண்டாட்டியும் ஆளை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்கள் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

இந்த நேரத்தில்தான் அது நடந்தது.

எங்கள் விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையைப் பார்த்துத்தான் விமானம் கிளம்ப வேண்டும். அன்று விடிந்ததிலிருந்து எல்லாரும் மேற்கே பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மதியம் நெருங்கும்போது காற்று கட்சி மாறிவிட்டது. உடனே எல்லாரும் கிழக்கே பார்த்துக் கிளம்ப வேண்டும். அக்காவின் விமானம் அப்போதுதான் ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அவர்களுக்குப் புதுப் பாதை கொடுக்க வேண்டும்.

கிழக்கே பார்த்துக் கிளம்பினால் பாதைகள் இரண்டு. ஒன்று இடப்பக்கம் திரும்பும், மற்றது வலப்பக்கம் திரும்பும். சுற்றி வளைத்து இரண்டும் தூரத்தில் ஒரே புள்ளியில் போய்ச் சேரும். வழக்கமாக நாங்கள் கொடுப்பது இடது பாதை. அன்று இடப்பக்கத்தில் ஒரு சரக்கு விமானம் இறங்க வந்துகொண்டிருந்தது. அதனால் அக்காவின் விமானத்துக்கு வலது பாதை கொடுங்கள் என்று நான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களிடம் சொன்னேன். அவர்கள் அப்படியே சொன்னார்கள். அக்காவும் வலது என்று தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். பிற்பாடு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோதும் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

விமானம் எழும்பியது. என் திரையில் புள்ளி முளைத்தது, பக்கத்தில் அதன் எண்ணும் உயரமும். அக்கா வணக்கம் சொன்னாள். நானும் சொல்லிவிட்டு வேறொரு விமானத்தைக் கவனிக்கப் போனேன். திரும்பிப் பார்க்கிறேன், புள்ளி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

மைக்கை அழுத்தினேன். வானொலியில் நாங்கள் பேசும் தொழில் பாஷை வேறு. நம் பேச்சில் சொன்னால் நான் சொன்னது இவ்வளவுதான்: "இடது பக்கம் திரும்பறதை உடனே நிறுத்துங்க. வலப்பக்கம் திரும்பி நேரா தெற்கே போங்க. இதுக்கு மேல ஏறாதீங்க. இடது பக்கம் எதிர்ல விமானம்."

அக்கா சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். குரல் பிசகவில்லை. நான் மூச்சு விடாமல் சரக்கு விமானத்தையும் விலக்கித் திருப்பினேன். திரையில் விமானம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற கொடுமை வேறு இல்லை. சொன்ன பிறகும் புள்ளி கொஞ்ச தூரம் போன திசையிலேயே போகும், பிறகுதான் மனசு வந்து வளையும். வளைந்தது. இரண்டு விமானங்களுக்கும் நடுவே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி கடைசி வரை குறையவில்லை. குறையாமல் நூலிழையில் தப்பியது என்பதுதான் உண்மை. உள்ளே இருந்த பயணிகளுக்கு ஜன்னலில் வெயில் பக்கம் மாறியதைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது.

என் இடத்துக்கு மாற்று ஆள் வந்ததும் எழுந்தேன். எங்கள் ஷிப்டு மேலாளர் வாசலில் நின்றிருந்தார். எதைச் சொல்வதானாலும் முதலில் தொண்டையைக் கனைப்பார். அதனால் அவருக்குக் கனைப்பு என்றே பெயர். கனைத்தார்.

"இடைவெளி குறையல. அதனால இதை மேல எழுதியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. நாளைக்கு ஷிப்டு முடியறதுக்குள்ள நீயே யோசிச்சு முடிவு பண்ணு."

"சரி சார்."

மறுபடியும் கனைத்தார். "உங்க அக்காவுக்கு அடுத்த வாரம் தேர்வுன்னு கேள்விப்பட்டேன்." அதோடு போய்விட்டார். நல்ல மனிதர். எங்கள் அறையில் எல்லாருமே நல்லவர்கள்.

மறுநாள் எனக்கு மாலை ஷிப்டு. அதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. எழுத மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அவள் கண் கலங்கித் தம்பி என்று கையைப் பிடித்துக்கொள்வாள், நான் பெரிய மனுஷன் மாதிரி போகட்டும் விடு என்பேன். பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத காட்சி அது.

மாமாதான் கதவைத் திறந்தார். "வா மச்சான். உள்ள புயல் மையம் கொண்டிருக்கு. செருப்பைக் கைக்கு எட்டற மாதிரி விடு, ஓடறதுக்கு வசதியா இருக்கும்."

உள்ளே சாப்பாட்டு மேசையில் அக்கா. எதிரே அன்று அவளோடு பறந்த கேப்டன். முழு வழுக்கை, ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு. விமான நிலையத்தில் அவரை யாரும் பேர் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை; முகத்துக்கு நேரே கேப்டன், முதுகுக்குப் பின்னால் சீப்பு. மேசைமேல் பிள்ளையின் நீள ஸ்கேல் ஓடுபாதையாகக் கிடந்தது. உப்பு டப்பா சரக்கு விமானம். இவர்கள் விமானம் ஒரு ரப்பர் துண்டு. இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, நான் இன்னும் எழுதல. எழுதவும் மாட்டேன். மேலதிகாரியும் ஒண்ணும் கேக்க மாட்டார். நீ பாட்டுக்குத் தேர்வுக்குப் போ."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாருடா உன்னைக் கேட்டா?"

"உனக்காகத்தான்க்கா..."

"நேத்து இறங்கின உடனே நாங்க ரெண்டு பேரும் நேரா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிட்டோம். இப்படி இப்படித் தப்பாத் திரும்பிட்டோம்னு. என் தேர்வைத் தள்ளி வெச்சுட்டாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. நடக்குமான்னே தெரியாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வெளியே கேப்டன் உட்கார்ந்திருப்பதெல்லாம் நினைவில் இல்லை. "பைத்தியமாக்கா நீ? யாராவது கேட்டாங்களா? தப்பாப் போன விமானத்தைத் திருப்பி விட்டாச்சு, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எத்தனை வருஷமா இதுக்குக் காத்துக்கிட்டு இருந்த! நீயே போய் உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு வந்திருக்க!"

அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. குழாயைத் திறந்து கழுவி வைத்திருந்த டம்ளரையே மறுபடி கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கும் அழுகையாத்தான் வருது. ஆனா அது எப்படி இடது பக்கம் போச்சுன்னு எனக்கு இன்னும் தெரியலடா. வலதுன்னு என் வாயாலதான் சொன்னேன். அப்புறம் எப்படி? அது தெரியாமயே நான் கேப்டனாகி, பக்கத்துல புதுசா ஒருத்தரை வெச்சுக்கிட்டுப் போய், மறுபடி அதே மாதிரி திரும்பிச்சுன்னா? அந்த நேரம் பார்த்து ரேடார்ல இருக்கறவர் வேற பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தா?"

நான் வேற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து நானும் மேசையில் உட்கார்ந்தேன். சீப்பு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "வாங்க தம்பி. நேத்து உங்க குரல் வரலன்னா நாங்க இங்க உக்கார்ந்து உப்பு டப்பாவை நகர்த்திக்கிட்டு இருக்க மாட்டோம்." பிறகு அக்காவிடம் திரும்பி, "இன்னொரு தடவை. நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க பாதையை மாத்தறீங்க" என்றார்.

விமானத்தில் பாதையை வைத்திருக்கும் கணினியை இவர்கள் பெட்டி என்பார்கள். பாதை மாறினால் துணை விமானி பெட்டியில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். அக்கா வெறும் மேசையில் விரலால் அழுத்திக் காட்டினாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"லிஸ்ட்ல இடது பாதை மேல இருக்கும், வலது அதுக்குக் கீழ. கிழக்கால கிளம்பும்போதெல்லாம் மேல இருக்கறதைத்தான் தொட்டுத் தொட்டுப் பழக்கம். வாய் வலதுன்னு சொல்லுது, விரல் மேல போயிருக்கு."

"அது நடக்கறதுதான். அதைப் பிடிக்கத்தானே ரெண்டாவது ஆள் நான் இருக்கேன்" என்றார் சீப்பு. "நான் ஏன் பிடிக்கல?"

"நீங்க கடைசிப் புள்ளி என்னன்னு கேட்டீங்க. நான் படிச்சேன்."

"ஆமா. சரின்னேன்."

"சார், நான் பெட்டியைப் பார்த்துப் படிச்சேன். நீங்க எதைப் பார்த்து சரின்னீங்க?"

சீப்பு பையிலிருந்து சீப்பை எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் பையிலேயே வைத்தார். "திரையைப் பார்த்து" என்றார் கடைசியில். "அதே பெட்டி காட்டற திரையை. பாதை வரைஞ்சிருக்கற சார்ட் என் ஜன்னல் பக்கம் திறந்தே இருந்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதிவிட்டு, சரியா என்று அவனிடமே கேட்டது போல. இடது பாதையானாலும் வலது பாதையானாலும் கடைசிப் புள்ளி ஒன்றுதான். அதனால் படித்ததும் சரி, கேட்டதும் சரி, போனது மட்டும் தப்பு. சொன்னால் வெட்கம், எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. பேய் என்று நினைத்தது கொடியில் காயும் சட்டை என்று தெரிந்தால் வருமே, அந்த நிம்மதி.

"உருண்டுக்கிட்டே பார்த்தோம்" என்றார் சீப்பு. "பின்னாடி வரிசை கட்டி நிக்கறாங்க. முன்னாடி இருக்கறவன் நின்னா எல்லாரும் திட்டுவாங்கன்னு ஒரு கூச்சம். நான்தான் நிறுத்தியிருக்கணும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். குரலில் பழைய அதிகாரம் வந்துவிட்டது. "நீ போய் உன் பக்கத்துக் கதையை எழுதிக் கொடு. பாதையை ஏன் மாத்தினீங்க, எப்போ மாத்தினீங்க, திரையில என்ன பார்த்தன்னு எங்களுக்குத் தெரியாது. பாதியைச் சொன்னா பாதிதான் புரியும்."

"எழுதினா உனக்கு இன்னும் மோசமாகும்க்கா."

"ஆகட்டும். கெளம்பு. ஷிப்டுக்கு நேரமாச்சு."

அன்று மாலை கனைப்பிடம் போய் எழுதப் போகிறேன் என்றேன். அவர் கனைக்கக்கூட மறந்து என்னைப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் எங்கள் குண்டூசி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லி, பேச்சு குத்தும், அதனால் அந்தப் பெயர். என்ன நடந்தது என்று என் வாயைப் பிடுங்கினாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"கிழக்கால கிளம்பி, வலது சொல்லி, இடது பக்கம் போனதா? எனக்கும் ஒண்ணு அப்படிப் போச்சு. போன மழைக்காலத்துல. திருப்பி விட்டேன். அந்தப் பைலட் குரல் நடுங்கிச்சு, பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"வேற கம்பெனி விமானமா?"

"வேற கம்பெனிதான்."

பின்னாலிருந்து கனைப்புச் சத்தம் வந்தது. "எனக்கும் ஒண்ணு உண்டு" என்றார். "நான் திரையில உக்கார்ந்திருந்த காலத்துல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆளாளுக்குப் பாவம் பார்த்து, ஆளாளுக்குப் பெருந்தன்மையாக விட்டு, அந்தப் பள்ளத்தை மூடாமலே வைத்திருந்து, கடைசியில் என் அக்காவை அதில் விழ வைத்திருக்கிறோம். சற்று முன்னால் நானும் அதே பெருந்தன்மையோடுதான் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். அன்று மூன்று பேரும் எழுதினோம். குண்டூசி ஒரு பக்கத்துக்கு அடங்காமல் எழுதினாள்.

விசாரணை நடந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; எல்லா விசாரணையையும் போல இழுத்தது. அக்கா அந்த மாதங்களில் துணை விமானியாகவே பறந்தாள். வீட்டில் சாதாரணமாக இருப்பது போல நடித்தாள். மாமா ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மச்சான், ராத்திரி தூக்கத்துல இடது வலதுன்னு உளர்றா. நான் எந்தப் பக்கம் படுக்கறதுன்னே தெரியல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கண்ணில் கவலை இருந்தது. நானும் பயந்துதான் போயிருந்தேன். ஒரு நல்ல விமானியை அவளுடைய நேர்மையாலேயே உட்கார வைத்துவிடுவார்களோ என்று எனக்கு நாள் முழுக்க அதே நினைப்பு.

உட்கார வைக்கவில்லை. முடிவு வந்தபோது மாறியது எங்கள் வேலைமுறைதான். கிழக்கே கிளம்பும் இடது பாதையும் வலது பாதையும் இனி ஒரே புள்ளியில் முடியாது. பெட்டியில் இருப்பது தப்பு என்றால் படிக்கும்போதே தெரிந்துவிடும். பாதை மாறினால் ஒருவர் சார்ட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும், மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். உருண்டுகொண்டிருக்கும் விமானத்துக்குப் பாதையை மாற்றினால், நின்று சரிபார்க்க அவர்கள் கேட்கலாம். நாங்கள் மூஞ்சியைத் தூக்கக் கூடாது. அக்காவுக்கும் சீப்புக்கும் கூடுதல் பயிற்சி போட்டார்கள். போய் முடித்தார்கள். அதன் பிறகு அக்காவைத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

தேர்வாளர் முதலில் கேட்டதே அந்த இடப்பக்கத் திருப்பத்தைப் பற்றித்தானாம். அக்கா ஒன்றையும் பூசி மெழுகாமல் சொல்லியிருக்கிறாள். அன்று மாலை மாமா போனில் பேசவே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பாஸா ஃபெயிலா என்று நான் பதறிக் கத்திய பிறகு, "கேப்டன் குளிச்சிக்கிட்டு இருக்காங்க, அப்புறம் பேசுவாங்க" என்றார்.

எங்கள் வேலையில் இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சில வாரம் கழித்து எனக்கு ரேடார் இல்லை. கோபுரத்தில் உட்கார்ந்து, தரையில் உருளும் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை. நாலு பக்கமும் கண்ணாடி. கீழே விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. முதலில் போவது அக்காவின் விமானம். அவள் கேப்டனான பிறகு நான் அவளுக்கு வழி சொல்வது அன்றுதான் முதல் தடவை.

காற்று மாறியது. சனியன் பிடித்த காற்று, அன்றுதானா மாற வேண்டும். நான் புதுப் பாதையைச் சொன்னேன். கிழக்கே கிளம்பி, வலப்பக்கம்.

திருப்பிச் சொன்னது அக்காவின் குரல் இல்லை. கேப்டன் விமானத்தை ஓட்டுவார், வானொலியில் பேசுவது துணை விமானியின் வேலை. சின்னக் குரல், புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருக்கும். சரியாகத்தான் சொன்னாள். நான் மட்டும் அந்த விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விமானம் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது.

விமானம் நின்றது.

கண்ணாடி வழியே பார்த்தேன். அதற்குப் பின்னால் வந்தவை ஒவ்வொன்றாக மூக்கை அழுத்திக்கொண்டு நின்றன. சின்னக் குரல் மறுபடி வந்தது, கொஞ்சம் தயங்கிக்கொண்டு. "கேப்டன் நிறுத்தியிருக்காங்க. ரெண்டு பேரும் சார்ட்டைப் பார்த்து முடிச்சிட்டுச் சொல்றோம்."

"சரி. நிதானமாப் பாருங்க" என்றேன்.

பின்னால் நின்ற ஒருவருக்குப் பொறுக்கவில்லை. யாரோ பெரிய கேப்டன், குரலிலேயே அதட்டல். "முன்னாடி என்ன பிரச்சினை? நாங்க எவ்வளவு நேரம் நிக்கறது?"

கனைப்பு மாதிரி ஒரு தடவை கனைத்துக்கொண்டேன். "பிரச்சினை ஒண்ணும் இல்ல" என்றேன். "முன்னால இருக்கற கேப்டன் தயார்னு சொல்லணும். அவங்க சொல்ற வரைக்கும் எல்லாரும் நிக்கணும்."

நின்றார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.